ராக்கெட் விடாத தீவில் விண்வெளித் தொழில் எப்படி வளர்கிறது?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட் சிங்கப்பூர் செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் போதும், நம்ம ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ரெண்டு விதமான பேச்சு ஓடும். "பார்த்தியா, சிங்கப்பூருக்கே இந்தியாதான் விட்டுக் கொடுக்கணும்" என்று ஒரு பெருமை. "இந்தத் தீவுக்கு விண்வெளி எதுக்கு, காசு இருக்குன்னு காட்டுறாங்க" என்று ஒரு கிண்டல். ரெண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி மாதிரி தெரிந்தாலும் ஒரே நினைப்பிலிருந்துதான் பேசுகிறார்கள்: விண்வெளித் தொழில் என்றால் ராக்கெட். ராக்கெட் இல்லாதவனுக்கு அந்தத் தொழிலில் இடமில்லை.

அது அப்படி இல்லை. இந்தத் தொழிலில் பணம் எங்கே புரள்கிறது, ஒரு சின்ன நாடு அதற்குள் எந்த வழியாக நுழைகிறது, நுழைந்த பிறகு எதை வைத்து நிற்கிறது என்பதைப் பொறியியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

ராக்கெட்டின் பங்கு எவ்வளவு?

நமக்குப் பழக்கமான விமானத் தொழிலை எடுத்துக்கொள்வோம். பயணிகள் விமானம் எதுவும் சிங்கப்பூரில் தயாராவதில்லை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டுவதெல்லாம் ஏர்பஸ்ஸும் போயிங்கும்தான். அதனால் இந்த ஊருக்கு விமானத் தொழில் இல்லை என்று யாராவது சொல்வார்களா? உலக விமானப் பழுதுபார்ப்பு, பராமரிப்பு வேலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இங்கே நடக்கிறது. சிலேத்தாரில் ரோல்ஸ் ராய்ஸ் பெரிய விமான எஞ்சின்களை ஒன்றுசேர்க்கிறது. விமான வாடகை, பயிற்சி, உதிரிபாகம், சரக்கு, காப்புறுதி என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இதிலிருந்துதான் சம்பளம் வருகிறது. விமானத்தை முழுசாகச் செய்வது அந்தத் தொழிலின் ஒரு மூலை மட்டும்.

விண்வெளியும் ஏறக்குறைய இப்படித்தான். அதை நாலு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். முதல் துண்டு ஏவுதல், அதாவது ராக்கெட்டில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுவது. ரெண்டாவது செயற்கைக்கோளையும் அதன் பாகங்களையும் செய்வது. மூணாவது தரைப் பகுதி: மேலே இருப்பதோடு பேசுகிற ஆண்டெனா, மோடம், கட்டுப்பாட்டு அறை எல்லாம் இதில் அடக்கம். நாலாவது சேவை, செயற்கைக்கோளிலிருந்து வரும் படத்தையும் சிக்னலையும் தகவலையும் காசாக்குவது. டிவி, கப்பலில் இணையம், கைப்பேசியில் வழி காட்டுவது எல்லாம் இங்கேதான் வரும்.

இந்த நாலில் டிவியில் நேரலையாகக் காட்டப்படுவது முதல் துண்டு மட்டும்தான், அதனால் அதுதான் பெரியது என்று தோன்றிவிடுகிறது. உலக அளவில் ஏவுதல் கட்டணமாக வரும் பணம் மொத்த விண்வெளி வருமானத்தில் சில விழுக்காடுகளைத் தாண்டாது. பெரும்பணம் தரையிலும் சேவையிலும்தான் இருக்கிறது. சிங்கப்பூரின் பெரிய பொறியியல், தற்காப்புத் தொழில் நிறுவனமான எஸ்டி இஞ்சினியரிங் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. 2019இல் பெல்ஜியத்தின் நியூடெக் நிறுவனத்தை வாங்கி, ஏற்கெனவே தன்னிடம் இருந்த ஐடைரக்டோடு சேர்த்துவிட்டது. ரெண்டும் செயற்கைக்கோள் மோடம், தரை நிலையக் கருவி செய்கிற நிறுவனங்கள். அந்தச் செய்தி எந்த வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றவில்லை, மோடத்துக்கு யார் கைதட்டப் போகிறார்கள்!

சுருக்கமாக: விண்வெளித் தொழிலுக்கு நாலு துண்டு, ராக்கெட் அதில் ஒன்று, அதுவும் சின்னது. சின்ன நாடு மற்ற மூன்றில் எங்கே உட்காரலாம் என்று பார்க்கும்.

பூமத்திய ரேகை பக்கத்திலேயே இருக்கிறதே, இங்கிருந்தே விடக்கூடாதா?

நியாயமான கேள்விதான். பூமி சுற்றுகிற வேகம் பூமத்திய ரேகையில்தான் அதிகம், வினாடிக்கு சுமார் 465 மீட்டர். அங்கிருந்து கிழக்கு நோக்கி விட்டால் அந்த வேகம் இனாமாகக் கிடைக்கும். ஐரோப்பியர்கள் தங்கள் ராக்கெட்டைத் தென் அமெரிக்காவின் கூரூவுக்குக் கப்பலில் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு பெரிய காரணம் இது. கூரூ 5 பாகை வடக்கில் இருக்கிறது, சிங்கப்பூர் 1.3 பாகையில். காகிதத்தில் நாம்தான் முன்னால் நிற்கிறோம்.

ஆனால் ராக்கெட் போகிற வழியில் காலியான அடுக்குகளைக் கழற்றிப் போட்டுக்கொண்டே போகும், அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழும். சில சமயம் ராக்கெட்டே வெடிக்கும். அதனால் கீழே ஆளில்லாத கடல் வேண்டும். நமக்கு நேர் கிழக்கே இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள், அதைத் தாண்டினால் போர்னியோ. சுற்றிலும் உலகத்திலேயே மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று, தலைக்கு மேலே சாங்கி விமானங்கள். ஒரு ஏவுதலுக்காக அத்தனையையும் சில மணி நேரம் நிறுத்தினால் ஆகும் நஷ்டத்தை நினைத்தாலே இந்தப் பேச்சு முடிந்துவிடும்.

நியூசிலாந்து இதற்கு நேர்மாறு. மாஹியா தீபகற்பத்துக்கு முன்னால் காலிக் கடல்தான். பீட்டர் பெக் 2006இல் தொடங்கிய ராக்கெட் லேப் அங்கிருந்து 2018 ஜனவரியில் முதன்முறையாகச் சுற்றுப்பாதையை எட்டியது. நியூசிலாந்து செய்த கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், தன்னிடம் எது நிறைய இருக்கிறதோ, அதாவது வெறும் கடலும் நெரிசலில்லாத வானமும், அதை விற்பனைச் சரக்காக மாற்றியது. நம்மிடம் அந்தச் சரக்கு இல்லை.

மேலே போவது மலிவானது

முன்பெல்லாம் செயற்கைக்கோள் என்றால் டன் கணக்கில் எடை. சிங்கப்பூர்த் தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல், தைவானின் சுங்வா டெலிகாமோடு சேர்ந்து 1998இல் அனுப்பிய எஸ்டி-1 அந்த வகை. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று டிவியும் தொலைபேசியும் கடத்தியது. அதைச் செய்தது ஐரோப்பிய நிறுவனம், விட்டது ஐரோப்பிய ராக்கெட். பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகிற வேலை அது.

1999வாக்கில் அமெரிக்காவில் ரெண்டு பேராசிரியர்கள் மாணவர்களின் பயிற்சிக்காக ஒரு அளவை நிர்ணயித்தார்கள்: 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள பெட்டி. கியூப்சாட் என்று பெயர். ஒரு பெட்டி போதாதென்றால் ரெண்டு, மூணு பெட்டியை அடுக்கிக்கொள்ளலாம். அளவு ஒரே மாதிரி ஆனதும் பாகங்கள் கடையில் வாங்குகிற பொருள் ஆகிவிட்டன. அப்புறம் ராக்கெட்காரர்கள் பெரிய செயற்கைக்கோளோடு மீதி இடத்தில் குட்டிகளையும் ஏற்றிப் போக ஆரம்பித்தார்கள், இதைப் பகிர்வு ஏவுதல் என்று சொல்லலாம். இந்தியாவின் பிஎஸ்எல்வி இதில் பெயர் வாங்கியது. ஸ்பேஸ்எக்ஸ் 2019இல் 200 கிலோவுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் என்று விலைப்பட்டியலே போட்டது. பின்னால் விலை ஏறியது, ஆனாலும் கட்டணம் பட்டியலாக வெளியே தெரிகிறது என்பதே பெரிய மாற்றம்.

ஆக, "சிங்கப்பூருக்கு இந்தியா விட்டுக் கொடுத்தது" என்பதில் வெட்கப்படவும் ஒன்றும் இல்லை, தலைகால் புரியாமல் பெருமைப்படவும் ஒன்றும் இல்லை. வியாபாரம். காசு வாங்கிக்கொண்டு சொன்ன நாளில் சொன்ன இடத்தில் இறக்கிவிட்டார்கள். 2015 டிசம்பர் 16 அன்று பிஎஸ்எல்வி-சி29 ஆறு சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள்களை மட்டுமே சுமந்து போனது, வேறு யாருடைய சரக்கும் அதில் இல்லை.

எந்தப் பாதையில் சுற்றுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பூமியைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காக, துருவங்களுக்குப் பக்கமாகச் சுற்றுகின்றன. கீழே பூமி கிழக்காகத் திரும்பிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வேறு பட்டையைப் பார்த்து, சில நாளில் உலகம் முழுவதையும் பார்த்துவிடும். அமெரிக்கா, ஐரோப்பா, ரஷ்யா மாதிரி வடக்கே இருக்கும் நாடுகளுக்கு இது வசதி. துருவத்தை நெருங்க நெருங்க அந்தப் பட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும், ஒரே இடத்தை அடிக்கடி பார்க்கலாம். பூமத்திய ரேகையில் அவை ஒன்றுக்கொன்று மிக விலகி இருக்கும். அடுத்தடுத்த ரெண்டு சுற்றுக்கு இடையே 2,500 கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி. அதாவது, எல்லோரும் பயன்படுத்தும் பாதையில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பகுதி நம்முடையது.

சரி, பாதையையே படுக்கவைத்து, பூமத்திய ரேகையை ஒட்டிச் சுற்றவிட்டால்? சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். கீழே பூமியும் அதே திசையில் நகர்வதால், சிங்கப்பூர் வட்டாரத்துக்கு அது திரும்பி வர ஏறக்குறைய 100 நிமிடம். ஒரு நாளைக்கு 14 முறை. ஒவ்வொரு முறையும் படம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை, கோணம் அமைய வேண்டும், ஆனால் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. லண்டனையோ டோக்கியோவையோ அது எப்போதும் பார்க்காது. பார்க்க வேண்டாம், அதைப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இப்படி பூமத்திய ரேகையை ஒட்டிச் சாய்வு குறைவாகச் சுற்றும் வழியைத் தாழ்சாய்வுப் பாதை என்று வைத்துக்கொள்வோம். 2015இல் போன டெலியோஸ்-1, சிங்கப்பூர் வணிக நோக்கத்தில் செய்த முதல் பூமிப் பார்வைச் செயற்கைக்கோள், 400 கிலோ எடை, 15 பாகை சாய்வில் சுற்றியது. 2023 ஜூலையில் போன இன்னொரு சிங்கப்பூர்ச் செயற்கைக்கோளான டிஎஸ்-சார் 5 பாகை சாய்வு. ரெண்டுக்கும் பாதையைத் தேர்ந்தெடுத்த காரணம் ஒன்றே.

ஒரு தொல்லை பாக்கி இருந்தது. டெலியோஸ்-1இல் இருந்தது சாதாரணக் கேமரா வகை. நம் வட்டாரத்தில் மேகத்துக்கு என்ன பஞ்சமா? நாளைக்கு 14 முறை வந்தாலும் மேகத்தின் முதுகைத்தான் படம் எடுக்கும். இரவில் அதுவும் இல்லை. இதற்கு விடை ரேடார். செயற்கைக்கோளே ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் வரையும். மேகம் மறைக்காது, இருட்டு பொருட்டில்லை. நல்ல துல்லியம் வேண்டுமானால் ஆண்டெனா மிக நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவு பெரியதை மேலே கொண்டுபோக முடியாது. அதனால் ஒரு தந்திரம்: செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே பல இடங்களிலிருந்து எதிரொலிகளைச் சேகரிக்கும், அவற்றைக் கணினி ஒன்றாகக் கோத்து, ஒரு நீண்ட ஆண்டெனா இருந்திருந்தால் கிடைத்திருக்கும் படத்தை உண்டாக்கும். இந்த வகை ரேடாரின் பெயர்ச் சுருக்கம்தான் சார். 2023 ஏப்ரல் 22 அன்று போன 741 கிலோ டெலியோஸ்-2இலும் இதுவே இருக்கிறது, ஒரு மீட்டர் அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கும்.

கடலில் இது செய்யும் வேலை அருமை. இரும்புக் கப்பல் ரேடார் அலையைப் பளிச்சென்று திருப்பி அடிக்கும், கறுப்புக் கடலில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எண்ணெய் கொட்டினால் சின்ன அலைகள் அடங்கி அந்த இடம் வழவழப்பாகிவிடும், படத்தில் இன்னும் கறுப்பாக விழும். பெரிய கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோவில் அறிவித்துக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. சில கப்பல்கள் அதை அணைத்துவிடும், காரணம் பெரும்பாலும் நல்லதாக இருக்காது. ரேடாரில் புள்ளி இருக்கிறது, அறிவிப்பு இல்லை என்றால், அங்கே யாரோ ஒளிந்து போகிறார்கள். துறைமுகத்தை நம்பி வாழும் ஊருக்கு இதைவிடத் தேவையான தகவல் எது?

சுருக்கமாக: உலகம் முழுவதையும் பார்க்கப் போட்டி போடாமல், நம் வட்டாரத்தை அடிக்கடி, மேகத்தைத் தாண்டிப் பார்ப்பது. பெரிய நாடுகள் விட்டுவைத்த இடம் அது, நமக்கு உண்மையான தேவையும் அங்கேதான்.

முதல் வாடிக்கையாளர் யார்?

அரசு பணம் கொடுத்தால் தொழில் வளரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்தப் பணம் என்று கேட்க வேண்டும். மானியம் ஒன்று, கொள்முதல் ஒன்று. மானியம் என்றால் "இந்தா, ஆராய்ச்சி பண்ணு". கொள்முதல் என்றால் "இந்தத் தேதிக்குள் இப்படி ஒரு பொருள் வேண்டும், வேலை செய்தால் காசு". ஆராய்ச்சிக்கு மானியம் இல்லாமல் முடியாது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் நிறுவனமாக ஆவது கொள்முதலில்தான் என்பது என் எண்ணம். இப்படிப் பெரிதாக, நம்பகமாக, ஆரம்பத்திலேயே வாங்குபவரை ஊன்று வாடிக்கையாளர் என்று சொல்லலாம்.

டெலியோஸ்-2ஐ அரசின் சார்பில் தற்காப்பு அறிவியல் தொழில்நுட்ப அமைப்பும் எஸ்டி இஞ்சினியரிங்கும் சேர்ந்து உருவாக்கினார்கள். பல அரசு அமைப்புகளுக்கு அதிலிருந்து படம் போகும். அடுத்து அதே கூட்டணி டிஎஸ்-சார் செய்தது, ரேடார் கருவி இஸ்ரேலிலிருந்து வந்தது. அரசுக்குப் போக, எஸ்டி இஞ்சினியரிங் தன் வெளி வாடிக்கையாளர்களுக்கும் இந்தப் படங்களை விற்கலாம். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஒரே செயற்கைக்கோளின் அடிப்படைச் செலவை அரசின் தேவை தாங்குகிறது, அதன் மேல் வணிகம் ஏறி உட்காருகிறது. வணிகத்தை மட்டும் நம்பி இறங்கியிருந்தால் எந்த வங்கியும் கடன் கொடுத்திருக்காது.

கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆனது என்பதையும் பார்க்கணும். 1999இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பங்கு, பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகம் செய்த யூஓசாட்-12க்குள் வைத்த மெர்லயன் என்ற தொடர்புக் கருவி மட்டும். முழுச் செயற்கைக்கோளை இங்கேயே செய்து எக்ஸ்-சாட் என்று அனுப்பியது 2011 ஏப்ரலில், சுமார் 105 கிலோ. அப்புறம் மாணவர்கள் செய்த வெலாக்ஸ் வரிசைக் குட்டிகள், 2015இல் டெலியோஸ்-1. ஒரு கருவியிலிருந்து வணிகச் செயற்கைக்கோளுக்கு 16 ஆண்டு. இடையில் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் இப்போது நிறுவனங்களில் இருக்கிறார்கள், சொந்தமாகவும் தொடங்கியிருக்கிறார்கள். 2013இல் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் கீழ் ஆஸ்டின் என்ற விண்வெளித் தொழில்நுட்ப அலுவலகம் வந்தது. 2022இல் 150 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியில் விண்வெளித் தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. பெரிய நாடுகளின் கணக்கில் இது சில்லறை, அதனால்தான் எல்லாவற்றிலும் கைவைக்க முடியாது.

சின்னக் கம்பெனிகள் என்ன செய்கின்றன?

ஒரு சின்ன பாகத்தை எடுத்து அதில் உலகத்துக்கே விற்பது. நன்யாங்கிலிருந்து வெளிவந்த அலியேனா, குட்டிச் செயற்கைக்கோள்களுக்கு மின் உந்துவிசை எஞ்சின் செய்கிறது. வாயுவை எரிக்காமல், அதற்கு மின்னேற்றம் கொடுத்து மின்புலத்தால் வேகமாக வெளியே தள்ளும் எஞ்சின் அது. தள்ளுவது மிக மெல்லிய விசைதான், ஆனால் எரிபொருள் கொஞ்சமே போதும். சுற்றுப்பாதையில் மெதுவாகக் கீழே இறங்கிவிடாமல் இருக்க, வேலை முடிந்ததும் குப்பையாகச் சுற்றாமல் இறங்கி எரிந்துபோக, எல்லாவற்றுக்கும் இது வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பின்னணியில் வந்த நியூஸ்பேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2022 ஜனவரியில் நியூஎக்ஸ்-1 என்ற குட்டியில் அதை வைத்து, ஸ்பேஸ்எக்ஸின் பகிர்வு ஏவுதலில் அனுப்பினார்கள்.

அதே தேசியப் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் தொழில்நுட்ப மையம் செய்த ஸ்பூக்கி-1, மூணு பெட்டி அளவு கியூப்சாட், 2019 ஜூனில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. ஒன்றோடொன்று பின்னிய ஒளித்துகள்களை அவ்வளவு சின்னப் பெட்டிக்குள்ளேயே உண்டாக்க முடியும் என்று அது காட்டியது. யாரும் ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடுகிற ரகசியச் சாவிகளை அனுப்புவதற்கு அது அடித்தளம், ஸ்பெக்ட்ரல் என்ற நிறுவனம் அந்த வழியில் வந்தது. ட்ரான்செலஸ்டியல் லேசர் ஒளியில் தகவல் அனுப்புகிறது. ஆட்வேல்யூ செயற்கைக்கோள் தொடர்புக் கருவி செய்கிறது.

இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுவான தலைவலி உண்டு, இத்துறையில் பறப்பு அனுபவம் என்று சொல்வார்கள். மேலே போய் வேலை செய்து காட்டாத பாகத்தை யாரும் வாங்க மாட்டார்கள், யாரும் வாங்காவிட்டால் மேலே போக வழியில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் உள்ளூர்ச் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. 2023 ஜூலையில் டிஎஸ்-சாருடன் அதே ராக்கெட்டில் இன்னும் ஆறு சிங்கப்பூர்க் குட்டிகள் போயின, அலியேனாவின் எஞ்சினும் நியூஸ்பேஸின் கருவியும் அதில் அடக்கம். பெரியவர் கட்டிய டிக்கெட்டில் சின்னவர்கள் பறப்பு அனுபவம் வாங்கிக்கொண்டார்கள்.

சட்டம் எதற்கு?

தனியார் கம்பெனியின் செயற்கைக்கோள் யார் தலையிலாவது விழுந்தால் யார் பொறுப்பு? கம்பெனி என்றுதான் தோன்றும். 1967 விண்வெளி உடன்படிக்கைப்படி தன் நாட்டுத் தனியார் செய்வதற்கும் அந்த நாடே பொறுப்பு. 1972 பொறுப்புடைமை உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏவுகிற நாடு, ஏவச் சொல்லி ஏற்பாடு செய்கிற நாடு, ஏவுதளம் இருக்கிற நாடு எல்லாமே ஏவிய நாடுதான். இந்திய ராக்கெட்டில் சிங்கப்பூர் தன் செயற்கைக்கோளுக்காகக் காசு கட்டினால், சிங்கப்பூரும் ஏவிய நாடுகளில் ஒன்று. 1978இல் சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954 அணு உலையோடு கனடாவின் வடக்கே விழுந்தபோது கனடா சுமார் 60 லட்சம் கனடிய டாலர் கேட்டு, கடைசியில் 30 லட்சம் வாங்கியது.

அதனால் ஒரு அரசு தன் கம்பெனிகளை மேலே விடுமுன் யாருக்கு அனுமதி, எவ்வளவு காப்புறுதி, குப்பையை எப்படி இறக்குவாய் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தெளிவான விதி இருந்தால் முதலீட்டாளருக்கும் பயம் குறையும். நியூசிலாந்து 2017இல் இதற்கென்றே சட்டம் போட்டது. சிங்கப்பூர் 2022 மார்ச்சில், நிலவு ஆய்வில் நாடுகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. நிலவுக்குப் போகவா என்றால் இல்லை, விதி எழுதுகிற மேசையில் ஒரு நாற்காலி வேண்டும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

லக்ஸம்பர்க் பாடம்

இந்தப் பேச்சு வந்தால் கட்டாயம் லக்ஸம்பர்க் வரும். 1985இல் எஸ்இஎஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்க அரசு கைகொடுத்தது. 1988 டிசம்பரில் முதல் செயற்கைக்கோள் போய் ஐரோப்பா முழுவதும் டிவி கொடுத்து, இன்று உலகின் பெரிய செயற்கைக்கோள் நிறுவனங்களில் ஒன்று. விண்கற்களிலிருந்து எடுக்கும் கனிமத்தைச் சொந்தம் கொண்டாடலாம் என்று 2017இல் சட்டமும் போட்டார்கள். இதையெல்லாம் மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். விண்கல் சுரங்கம் பேசிய பிளானட்டரி ரிசோர்சஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் லக்ஸம்பர்க் அரசு பங்கு வாங்கியது, 2018இல் அந்த நிறுவனம் பணமில்லாமல் கைமாறி, போட்ட காசு போனது. எஸ்இஎஸ்ஸுக்குக் காத்திருந்த வாடிக்கையாளர் இருந்தார்கள், வீட்டில் டிவி பார்ப்பவர்கள். விண்கல் கனிமத்துக்கு வாங்குபவர் யாரும் இல்லை. ரெண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னும் சரியாகாதவை

நம் பக்கமும் எல்லாம் சுகமில்லை. விண்வெளிக் குப்பையை அகற்றும் ஆஸ்ட்ரோஸ்கேல் 2013இல் சிங்கப்பூரில்தான் தொடங்கப்பட்டது. ஜப்பானியரான அதன் நிறுவனர் பிறகு தலைமையகத்தை டோக்கியோவுக்கு மாற்றினார், 2024இல் அங்கேயே பங்குச்சந்தைக்கும் போனது. ஜப்பானில் அரசு விண்வெளித் திட்டம் பெரியது, வாங்குபவர் அங்கே. கம்பெனி தொடங்க வசதியான ஊராக இருந்தால் மட்டும் கம்பெனி தங்காது என்பதற்கு இது உதாரணம், முன்னால் சொன்ன ஊன்று வாடிக்கையாளர் விஷயம் இங்கே மறுபடியும் தலைகாட்டுகிறது.

உள்ளூர்ச் சந்தையும் சின்னது. அரசு எத்தனை செயற்கைக்கோள் வாங்கிவிடும்? வெளிநாட்டில் விற்றே ஆக வேண்டும், வெளிநாட்டில் ஒவ்வொரு நாடும் தன் கம்பெனிக்குத்தான் முதலில் கொடுக்கும். அலியேனா மாதிரி பாகம் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. முழுச் செயற்கைக்கோளை அயல்நாட்டிலிருந்து வாங்கத் தயங்குகிற நாடுகூட எஞ்சினை மட்டும் வாங்கும்.

இத்துறையில் இங்கே 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் சுமார் 2,000 பேரும் இருப்பதாக அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. பிள்ளைகளை இதில் சேர்க்க என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்கும் பெற்றோர்கள் விண்வெளிப் பொறியியல் பட்டத்தையே தேடுகிறார்கள். இங்கே இருக்கிற வேலையைப் பார்த்தால் ரேடியோ அலைவரிசை, மின்சுற்று, கருவிக்குள் ஓடும் மென்பொருள், நுண்ணிய உலோக வேலை, படத்திலிருந்து தகவல் எடுப்பது, அப்புறம் ஒப்பந்தமும் காப்புறுதியும் தெரிந்த ஆட்கள். பலதொழில் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவருக்கும் இதில் இடம் உண்டு, ராக்கெட் எஞ்சின் மட்டும்தான் செய்வேன் என்பவருக்குத்தான் வேறு ஊர் பார்க்க வேண்டியிருக்கும்.